மார்கழி வானில் வெள்ளியும் வியாழனும்

(திருக்குடமுழுக்கு விழாவையொட்டி இராசபாளையத்தில் நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)

 

இந்நன்னாளில் ஆண்டாளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். ஆண்டாளின் பக்தியைப் பற்றியும், சூடிக்கொடுத்த மாலையைப் பற்றியும் பேசுவதற்கு அடியேனினும் தகுதி வாய்ந்த பெரியோர்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின், அப்பிராட்டியின் கண்களைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகின்றேன். அக்கண்கள் விடியற்காலை வானத்தில் எதைக் கண்டன, அதை இன்று நம்முடைய கண்களாலும் காண இயலுமா என்பதே அடியேன் எடுத்துக்கொண்ட பொருள்.

திருப்பாவை முப்பது பாசுரங்களையும் மார்கழி தோறும் ஓதுகின்றோம். அவற்றுள் பதின்மூன்றாம் பாசுரத்தில், உறங்குகின்ற தோழியை எழுப்ப வந்த பெண்கள் பொழுது புலர்ந்ததற்குச் சான்று கூறுகின்றனர். கீழ்வானில் வெள்ளி தோன்றிவிட்டது. வியாழனோ மறைந்து துயில்கொண்டுவிட்டது. இன்னும் நீ எழவில்லையா என்பது அவர்கள் கூற்றின் கருத்து. மணிகாட்டும் கருவி இல்லாத காலத்தில், இரண்டு கோள்களைக் கொண்டு நேரம் குறித்த பெண்கள் அவர்கள். பூக்கொய்யச் செல்லும் சிறு பெண்ணும் வெள்ளி இது, வியாழன் இது என்று அறிந்திருந்த காலம் அது.

நாம் அறிந்திருக்கின்றோமா? அடியேன் அறிந்திராத கதையை முதலில் கூறிவிடுகின்றேன்.

1983ஆம் ஆண்டு மார்கழி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், விடியற்காலைப் பஜனைக்குப் பின் திருப்பாவை விளக்கம் கூற அடியேன் சென்றிருந்தேன். அன்று பதின்மூன்றாம் பாசுரம். சொல்லுக்குச் சொல் பொருள் உரைத்து, கேட்டோர் தலையசைக்க, மிக்க மனநிறைவோடு வெளியே வந்தேன். பக்கத்து வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த முதிய கீதாரி ஒருவர், கம்பளியைப் போர்த்துக்கொண்டு திண்ணையோரத்தில் நின்று கேட்டிருக்கின்றார். அவர் கைகூப்பிக்கொண்டு, "சாமி, கிழக்கே நிக்கிறது வெள்ளி. அது எங்களுக்கும் தெரியும். வியாழன் எதுன்னு கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

அடியேன் மேற்குப் பக்கம் திரும்பினேன். மலைக்கு மேலே தென்மேற்கில் மிகவும் ஒளியுள்ள மீன் ஒன்று இருந்தது. வியாழன் மேற்கே இருக்கவேண்டும் என்பது பாசுரத்தால் தெரியும். ஆகவே சிறிதும் தயங்காமல் அதைச் சுட்டிக்காட்டினேன்.

அவர் நகைக்கவில்லை. மிக்க மரியாதையோடு, "சாமி, அது மினுக்குதே. வருசா வருசம் மார்கழியிலே அதே இடத்திலேதான் அது விழும். வியாழன் தீபாவளி கழிஞ்சு பொழுதடையிற பக்கமா இறங்கிப் போச்சு. தை பிறந்தாத்தான் கிழக்கே வரும்" என்றார்.

வீடு திரும்பிப் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். குருவும் சூரியனும் அப்போது அருகருகே நின்றனர். சூரியனின் ஒளியில் மூழ்கியிருந்த வியாழனை அந்த மார்கழியில் எவராலும் காண இயலாது. அடியேன் காட்டியது சிரியஸ் என்னும் விண்மீன். நம் நூல்கள் அதனை லுப்தகன் என்று கூறும். பாசுரத்தின் பொருளை மனப்பாடமாக அறிந்த அடியேனுக்கு, அது சுட்டிய பொருளைத் தெரியவில்லை. எழுத்தறியாத அப்பெரியவருக்குத் தெரிந்திருந்தது. அன்று தொடங்கியதே வானத்தை நோக்கும் இப்பழக்கம். அதில் அடியேன் கற்றுக்கொண்ட சிலவற்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

சிவாலயங்களில் ஒன்பது கோள்களை வலம் வருகின்றோம். அவற்றுள் ஞாயிறும் திங்களும் எல்லோரும் அறிந்தவை. இராகுவும் கேதுவும் திங்களின் வழியும் ஞாயிற்றின் வழியும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களாதலின் கண்ணுக்குப் புலப்படா. எஞ்சிய புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் வெறுங்கண்ணால் காணத்தக்கவை. கருவி எதுவும் வேண்டுவதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.

கோளையும் விண்மீனையும் வேறுபடுத்திக் காண்பதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, கீதாரி சொன்ன அடையாளம். விண்மீன் மினுக்கும், கோள் நின்று ஒளிரும். விண்மீன்கள் அளவிட முடியாத தொலைவில் இருப்பதனால் ஒரு புள்ளியாகவே தோன்றுகின்றன. காற்று அசையுந்தோறும் அப்புள்ளி நடுங்குகின்றது. கோள்கள் நமக்கு அண்மையில் இருப்பதனால் சிறு வட்டமாக ஒளியை அனுப்புகின்றன; ஆதலின் எளிதில் நடுங்குவதில்லை. ஆயினும் அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது கோளும் மினுக்கக்கூடும். சற்று மேலேறிய பின் பார்ப்பதே நலம்.

இரண்டாவது அடையாளம் இடம். கோள்கள் வானத்தில் எங்கும் திரிவன அல்ல. பன்னிரண்டு இராசிகள் அமைந்த வீதியிலேயே, ஞாயிறும் திங்களும் செல்லும் அதே வீதியிலேயே, அவை செல்லும். அவ்வீதிக்கு மிகவும் விலகி வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு ஒளியுள்ள மீன் தெரிந்தாலும் அது கோள் அன்று. அடியேன் காட்டிய லுப்தகன் அவ்வீதிக்குத் தெற்கே வெகுதொலைவு விலகி நின்றது. இதனை அறிந்திருந்தால் அன்று அடியேன் தலைகுனிய நேர்ந்திராது.

மூன்றாவது அடையாளம் நடை. விண்மீன்கள் தம்முள் இடம் மாறுவதில்லை, கோள்கள் மாறும். புதன் 88 நாட்களிலும், வெள்ளி 225 நாட்களிலும், செவ்வாய் 687 நாட்களிலும், வியாழன் ஏறக்குறைய 12 ஆண்டுகளிலும், சனி ஏறக்குறைய 29½ ஆண்டுகளிலும் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன. வியாழன் பன்னிரண்டு இராசிகளைப் பன்னிரண்டு ஆண்டுகளில் கடப்பதனால் குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை வருகின்றது. சனி ஓர் இராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு கொள்வதனால் சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருகின்றது. பெயர்ச்சி நாளில் கோயில்களில் கூட்டம் அலைமோதுகின்றது. பெயர்ந்த கோள் வானத்தில் எங்கே நிற்கின்றது என்று அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்?

காண விரும்புவோருக்கு மிக எளிய வழி நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகின்றது. பஞ்சாங்கத்திலோ நாட்காட்டியிலோ உள்ள கிரகநிலைக் கட்டத்தைப் பாருங்கள். குரு எந்த இராசியில் நிற்கின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். சந்திரன் ஒவ்வோர் இராசியிலும் இரண்டேகால் நாள் தங்கிச் செல்வான் அன்றோ? அவன் குரு இருக்கும் இராசிக்கு வரும் இரவில் வெளியே வந்து நிலவைப் பாருங்கள். அதன் அருகே அசையாத வெண்ணிற ஒளியோடு நிற்பதே வியாழன். இவ்வாறே மாதம் ஒருமுறை சந்திரன் ஒவ்வொரு கோளின் வாயிலிலும் நின்று நமக்கு அறிமுகம் செய்துவைக்கின்றான். சிவந்து தோன்றுவது செவ்வாய். சற்று மங்கிய மஞ்சள் நிறத்தது சனி. எல்லாவற்றினும் ஒளி மிக்கது வெள்ளி. புதன் மாத்திரம் ஞாயிற்றை விட்டு விலகாதவன். அந்தியிலோ விடியலிலோ அடிவானத்தில் சிறிது நேரமே தோன்றுவான். அவனைக் கண்டவர்கள் சிலரே.

இதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டு ஒன்று கும்பகோணத்து மகாமகம். சூரியன் கும்பத்திலும் குரு சிம்மத்திலும் நிற்க, மக நட்சத்திரத்தில் முழுமதி வரும் நாள் அது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் குளத்தில் நீராடியவர்கள் அன்றிரவு வானத்தை நோக்கியிருப்பின், மக விண்மீனின் அருகே முழுநிலவையும், அதற்குச் சற்றுக் கிழக்கே வியாழனையும் கண்டிருப்பர். அடுத்த மகாமகம் 2028இல் வருகின்றது. நீராடச் செல்லும் அன்பர்கள் இக்காட்சியையும் கண்டு வரவேண்டும்.

பழந்தமிழ்நாட்டுக் கணிதர்களும் பஞ்சாங்கத்தையும் வானத்தையும் பிரித்து எண்ணியவர்கள் அல்லர். திருக்கணிதம் என்னும் சொல்லில் உள்ள 'திருக்' என்பது காண்டல் என்னும் வடசொல்லின் திரிபு. கண்ணால் காண்பதோடு ஒத்துவரும் கணிதம் என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவராயினும், தொலைநோக்கியில் கண்டு கணித்து அத்தகைய பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874இல் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்து சென்றபோது, பொதுமக்கள் அறியும்படி நூலும் எழுதினார்.

இனி ஆண்டாளின் வானத்துக்கு வருவோம். வெள்ளி ஞாயிற்றை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே நள்ளிரவில் நம் நாட்டில் வெள்ளியைக் காண இயலாது. ஒரு பருவம் மாலையில் மேற்கே தோன்றும். மற்றொரு பருவம் விடிவெள்ளியாகக் கிழக்கே எழும். இவ்வாறு ஒருமுறை சுற்றி முடிய 584 நாட்கள் ஆகும். இத்தகைய ஐந்து சுற்றுகள் எட்டு ஆண்டுகளுக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே ஒரு மார்கழியில் வெள்ளி எங்கே தோன்றுகின்றதோ, எட்டாவது ஆண்டு மார்கழியிலும் ஏறத்தாழ அங்கேயே தோன்றும்.

வியாழனோ ஞாயிற்றுக்கு நேரெதிரே செல்லவும் வல்லது. வெள்ளி கிழக்கே எழும் வேளையில் வியாழன் மேற்கே மறையவேண்டுமாயின், மார்கழியில் அது ஞாயிற்றுக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தில், இடபத்திலோ மிதுனத்திலோ நிற்கவேண்டும். இது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஓரிரு மார்கழிகளில் மாத்திரமே நிகழும். அப்போதும் வெள்ளி மாலை வானில் இருந்தாலோ, ஞாயிற்றோடு கூடி மறைந்திருந்தாலோ பாசுரக் காட்சி அமையாது. எனவே தோழியர் கூறிய சொல் எந்த மார்கழிக்கும் பொருந்தும் பொதுச்சொல் அன்று. சில மார்கழிகளுக்கே உரிய சொல்.

இந்நுட்பத்தை உணர்ந்தவர் மு. இராகவையங்கார். 'ஆழ்வார்கள் காலநிலை' என்னும் நூலில் அவர் இப்பாசுரத்தைச் சான்றாகக் கொண்டு ஆண்டாளின் காலத்தை ஆராய்ந்தார். முதற்பாசுரத்தில் வரும் மார்கழி முழுமதி நாளையும், பதின்மூன்றாம் பாசுரத்தில் வரும் வெள்ளி வியாழன் நிலையையும் சேர்த்து நோக்கி, கி.பி. 731ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாளை அவர் குறித்தார். அடியேன் சிறுகணக்காக இதனைச் சரிபார்த்தேன். அந்நாள் முழுமதி நாளே. வெள்ளி விடிவெள்ளியாகக் கிழக்கே நன்கு மேலேறி நின்றது. வியாழன் ஞாயிறு எழுவதற்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முன்னதாக மேற்கே மறைந்தது. வேறு ஆண்டுகளைக் கூறும் அறிஞர்களும் உளர். அவ்வாதத்துக்குள் அடியேன் புகவில்லை. ஒரு பெண்பிள்ளையின் பாட்டில் உள்ள நான்கு சொற்களைக் கொண்டு ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட வானத்தை மீட்டு எழுப்ப முடிகின்றதே, அதுவே வியப்பு. கேட்டதைப் பாடியிருந்தால் இவ்வளவு திட்பம் வாய்க்குமா? கண்டதைப் பாடினார் என்றே அடியேன் நெஞ்சு துணிகின்றது.

இங்கே நம் ஊரின் சிறப்பு ஒன்றையும் கூறவேண்டும். வில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் நிற்கின்றது. சமவெளியில் மறைவதற்குச் சிறிது முன்னதாகவே இங்கே கோள்கள் மலைமுகட்டில் இறங்கி மறைந்துவிடும். போர்வைக்குள் முகம் மறைத்துக்கொள்ளும் பிள்ளையைப்போல வியாழன் மலைக்குள் ஒடுங்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு, ஆண்டாள் அதனைத் துயில் என்று கூறியதன் அழகு தனியே விளங்கும்.

அக்காட்சியை அடியேன் காணும் பேறு 2012ஆம் ஆண்டு மார்கழியில் வாய்த்தது. அவ்வாண்டு ஜூன் 6ஆம் நாள் காலையில் வெள்ளி ஒரு கரும்புள்ளியாக ஞாயிற்றைக் கடந்து சென்றது. அதன் பின்னர் விடிவெள்ளியாகி மார்கழி வரையிலும் கிழக்கே நீடித்தது. வியாழன் டிசம்பர் 3ஆம் நாள் ஞாயிற்றுக்கு நேரெதிரே வந்தது. மார்கழி முதல் வாரத்தில் ஒருநாள், ஐந்து மணிக்குச் சற்று முன்னதாக, பேரப்பிள்ளைகள் இருவரை அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க்கரையில் நின்றேன். கிழக்கே சஞ்சீவி மலை கரிய நிழலாகக் கிடந்தது. மேற்கே வியாழன் தணிந்து தணிந்து மலைமுகட்டைத் தொட்டது. பெரியவள், "தாத்தா, காணோம்!" என்றாள். அடுத்த சில நிமிடங்களுக்குள் சிறியவன் கிழக்கே கைநீட்டி, "தாத்தா, அதோ!" என்று கூவினான். சஞ்சீவி மலைக்கு வடக்கே திறந்த அடிவானத்தில் வெள்ளி எழுந்துகொண்டிருந்தது. ஊருக்குள் ஏதோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிற்று. அடியேனுக்குப் பேச நா எழவில்லை. கீதாரியின் முகமே கண்முன் நின்றது. 1983இல் அவர் கேட்ட கேள்விக்கு விடை கூற இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அதைக் கேட்க அவர் இல்லை.

வெள்ளிக்கு எட்டு ஆண்டு, வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்டு. இரண்டும் ஒன்றுகூட இருபத்துநான்கு ஆண்டு. ஆகவே 2012இல் கண்டது 2036ஆம் ஆண்டு மார்கழியில் மீண்டும் வரும். அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாளை ஒட்டி வியாழன் ஞாயிற்றுக்கு நேரெதிரே நிற்கும். வெள்ளி விடிவெள்ளியாகக் கிழக்கே இருக்கும். டிசம்பர் பின்பாதியில் ஐந்து மணியளவில் எழுந்து நிற்பவர்கள், ஒருபுறம் வெள்ளி எழுவதையும் மறுபுறம் வியாழன் இறங்குவதையும் காணலாம். இந்த ஒத்திசைவு முற்றும் சரியானதன்று. நூற்றாண்டுகள் செல்லச்செல்லச் சிறிது சிறிதாக நழுவும். ஆயினும் நம் பிள்ளைகளின் வாழ்நாளில் 2036 உறுதியாக வருகின்றது. அடியேன் அன்று இருப்பேன் என்று சொல்லத் துணியேன். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகள் இருப்பார்கள்.

அவர்கள் காண்பதற்கு வானம் இருக்குமா என்பதே அடியேனுடைய கவலை. பெரியோர்களே, இதனைக் குறையாகக் கொள்ளலாகாது. 1983இல் அச்சிற்றூரின் தெருவில் நின்று ஆயிரம் மீன்களைக் காணமுடிந்தது. இன்று நம் நகரத்தில் ஒருகை விரலுக்குள் எண்ணிவிடலாம். தெருவிளக்குகளும், கடைகளின் விளம்பர விளக்குகளும், ஆலைகளின் விளக்குகளும் வானத்தை வெளுக்கச் செய்துவிட்டன. வெள்ளியும் வியாழனும் ஒளி மிக்கவையாதலின் இவற்றையும் மீறித் தெரிகின்றன. சனியும் புதனும் தெரிவது அரிதாகிவிட்டது. மக விண்மீனைத் தேடவேண்டியிருக்கின்றது.

ஆலயத் திருப்பணிக்கு வாரி வழங்கிய உங்களிடம் இரண்டு சிறு விண்ணப்பங்களை வைக்கின்றேன். ஒன்று, கோபுரத்துக்கும் மதிலுக்கும் விளக்கு அமைக்கும் அன்பர்கள், ஒளி வேண்டிய இடத்தில் மட்டும் விழுமாறு மேலே மூடி பொருத்தி அமைக்கவேண்டும். மார்கழி விடியலில் நான்கரை மணி முதல் ஐந்தேகால் மணி வரை, வழிக்கு இன்றியமையாத விளக்குகள் தவிர, மேல்நோக்கி எரியும் விளக்குகளை அணைத்து வைக்கவேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை; மின்கட்டணம் குறையும். ஆண்டாள் காலத்துக் கோபுரம் இருளில் நின்றே வானத்தைக் காட்டியது என்பதை நினைவிற் கொள்க.

மற்றொன்று, கோயில் வாயிலில் ஒரு கரும்பலகை. இம்மாதம் வெள்ளி எங்கே, வியாழன் எங்கே, எந்த நாளில் சந்திரன் அவற்றை அணுகுகின்றான் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து மூன்று வரிகள் எழுதிவைத்தால் போதும். நம் பள்ளிப் பிள்ளைகளே அதனை எழுதுவார்கள். பிறகு அவர்களே வானத்தைப் பார்த்து, எழுதியது சரிதானா என்று சொல்வார்கள். கையில் இருகண் தொலைநோக்கி உள்ளவர்கள் வியாழனை அதன்வழி காட்டினால், 1610இல் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்களும் சிறு புள்ளிகளாக வரிசையில் நிற்பதை அப்பிள்ளைகள் காண்பார்கள்.

பாசுரத்தை ஓதுவது நாவுக்கு உரிய தொண்டு. பொருள் உணர்வது நெஞ்சுக்கு உரிய தொண்டு. ஆண்டாள் கண்டதைத் தாமும் காண்பது கண்ணுக்கு உரிய தொண்டு. முதல் இரண்டையும் நம் முன்னோர் நமக்குக் குறைவின்றி வைத்துச் சென்றனர். மூன்றாவதையும் நம் பிள்ளைகளுக்கு வைத்துச் செல்வது நம் கடன். வரும் மார்கழியில் ஒருநாள், திருப்பாவை தொடங்குவதற்கு முன்னால், வீட்டுப் பிள்ளைகளை எழுப்பி வாயிலுக்கு அழைத்து வாருங்கள். வெள்ளியோ வியாழனோ தெரிந்தால் காட்டுங்கள். தெரியாவிடின், ஏன் தெரியவில்லை என்று பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொல்லுங்கள். ஆட்டுக்கிடைப் பெரியவர் அடியேனுக்குச் செய்த உதவி அதுவே.

இத்திருப்பணி நெடுங்காலம் நிலைத்து ஓங்கவேண்டும் என்று சூடிக்கொடுத்த நாச்சியாரை வேண்டி அமைகின்றேன்.